என் பெயரில் கிடந்த கோட்

ஊரார் எழுதிய கம்ப்யூட்டர் கோடுக்கு உரிமைப் பத்திரம் சரிபார்ப்பது என் வேலை. சம்பளம் கிடையாது; அதிகாரம் உண்டு. இந்திய மொழி எழுத்துகள் அச்சில் உடையாமல் வருவதற்கான ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டம் அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதியவர், “இது என் சொந்த வேலை, கொடுக்க எனக்கு உரிமை உண்டு” என்று கையெழுத்திட்ட படிவம் என்னிடம் வந்தாக வேண்டும். அவருடைய கம்பெனியின் சம்மதமும் வேண்டும். ஒருவர் மூன்று வரித் திருத்தம் அனுப்பினார். கம்பெனி கையெழுத்து இல்லை என்று திருப்பிவிட்டேன். அவர் கெஞ்சினார். நான் விதியின் எண்ணைச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

சம்பளம் தரும் ஆபீஸ் கழக்கூட்டம் என்ற ஊரில், வாடகை வீடு கரமனையில். குழந்தை பிறந்ததும் மனைவி வேலையை விட்டாள். குழந்தை தூங்கும் பகல் நேரங்களில், வீட்டில் கிடந்த என் பழைய லேப்டாப்பில், இதே திட்டத்துக்குக் கோட் எழுத ஆரம்பித்தாள். மலையாளக் கூட்டெழுத்துகள் சிதறுவதை இரண்டு வருடம் உட்கார்ந்து சரிசெய்தது அவள்தான். லேப்டாப்பில் போட்டிருந்தது என் பெயர். அவள் எழுதியதெல்லாம் என் பெயரிலேயே பதிவாயிற்று. எனக்குத் தெரியும். கரண்ட் பில், கேஸ், இன்டர்நெட் எல்லாம் என் பெயரில் இருக்கும் வீட்டில் இது மட்டும் ஏன் உறுத்தப்போகிறது? இரண்டாம் வருடம் திட்டத்தின் மிகச் சுறுசுறுப்பான பங்களிப்பாளர் என்று என்னைப் பாராட்டினார்கள். “எல்லாம் கூட்டு முயற்சி” என்று அடக்கமாகப் பதில் போட்டேன்.

போன மாதம் அவள் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். இதுவரை செய்த வேலையைக் காட்டச் சொன்னார்கள். கூட்டெழுத்து வேலையைச் சொன்னாள். அங்கேயே பதிவைத் திறந்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அத்தாட்சி கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

“அங்க முழுக்க உங்க பேருதான கெடக்கு. மாப்பிள்ளை வேலைய எடுத்து எனக்க வேலைன்னு சொல்லுகேனாம். அந்த ஆளு ஒரு சிரி சிரிச்சாரு பாருங்க,” என்றாள்.

“சாரமில்ல, போனாப் போட்டும், வேற கம்பெனி பாக்கலாம்.”

“உங்களுக்குச் சாரமில்ல,” என்று உள்ளே போய்விட்டாள்.

பதிவைத் திருத்துவது பெரிய காரியமில்லை. திருத்தினால் எனக்கு மிஞ்சுவது பழைய எழுத்துப்பிழைத் திருத்தங்கள் நாலைந்துதான். ஒரு வருடமாக எதுவும் எழுதாதவரைச் செயல்படாதோர் பட்டியலுக்கு அனுப்பி, அதிகாரத்தை எடுத்துவிட வேண்டும் என்ற விதியை முன்மொழிந்ததும் நானேதான். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பதெல்லாம் மரியாதைக்கு, பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. வியாழக்கிழமை காலையில் குழு முழுவதற்கும் உண்மையை எழுதி அனுப்பினேன். வந்த முதல் பதில் ஒரே வரி: அவருடைய படிவம் எங்கே?

சாப்பாட்டு மேஜையில் வைத்து அவள் அதை நிரப்பினாள். பெயர் எழுதினாள். கம்பெனி என்ற இடத்தில் கோடு போட்டாள். ‘இந்த வேலையில் வேறு யாருக்கேனும் பங்கு உண்டா?’ என்ற கேள்வியில் பேனா நின்றது.

“உங்களுக்கு என்னத்த எழுத?” என்று கேட்டாள். கோபமே இல்லாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் அந்தக் கேள்வியை மறுபடியும் வாசித்தேன். அவள் ‘எவரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தாளை என் பக்கம் நகர்த்தினாள். முதலிலிருந்து கடைசிவரை சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை.