எட்டரை மணி மழை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸைக் கூட்டுவதும் தேத்தண்ணி போடுவதும் ரெங்கம்மாவின் வேலை. அதோடு பதினான்கு வருடமாக மழையையும் அவர்தான் அளக்கிறார். ஆபீஸுக்குப் பின்னால், கம்பி வேலிக்குள் ஒரு செப்புப் பாத்திரம் நிற்கிறது. காலை எட்டரைக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, பெரிய புத்தகத்தில் அன்றைய திகதிக்கு எதிரே எழுதுவார். எட்டரை என்றால் எட்டரைதான். ஒரு நாள் அந்த நேரத்தில் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை கூப்பிட்டபோது, "ரெண்டு நிமிசம் இருங்க சார், மழைய அளந்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

மழையை அளப்பவருக்கு வரப்போகும் மழையும் தெரியும் என்பது லயத்து வீடுகளில் எல்லோருடைய நம்பிக்கை. மிளகு காயப் போடுகிறவர்கள், பந்தல் கட்டுகிறவர்கள், கூரைத் தகரம் மாற்றுகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள்.

"நான் வந்த மழையத்தான் அளக்குறேன். வரப்போறத ரேடியோவுல கேளுங்க" என்பார்.

யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் அவரே காலை ஆறு மணிக்கு வானிலைச் செய்தியைக் கேட்டு வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சொல்வார்.

இந்தச் சித்திரையில் அவருக்கே ஒரு மழை சங்கடமாகிவிட்டது. புத்தாண்டு முடிந்து வரும் சனிக்கிழமை தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி. மற்றவர்களுக்குக் கண்ணைக் கட்டி மண்முட்டி உடைத்தலும் சாக்கோட்டமும். பெண்களுக்குக் கயிறிழுத்தல் ஒன்றுதான் போட்டி. தோட்டம் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. ரெங்கம்மா மேல்கணக்கின் தலைவி. கீழ்க்கணக்குக்கு விஜயலெட்சுமி. போன வருடம் ஆளுக்கு ஒரு தடவை வென்று மூன்றாவது இழுக்கும்போது மழை கொட்டி, கயிறு வழுக்கி, எல்லோரும் சேற்றில் விழுந்தார்கள். யார் வென்றது என்று தண்ணீர்க் குழாயடியில் பன்னிரண்டு மாதமாகப் பேச்சு. அதற்கு முந்தைய வருடமும் மழைதான். இம்முறை முடிவு தெரிந்தே ஆகவேண்டும்.

நாளையும் நேரத்தையும் குறித்தவர் கஜேந்திரன். தோட்டத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர், விளையாட்டுக் கமிட்டிச் செயலாளர். கிளாக்கரைக் கேட்டு ரெங்கம்மாவின் மழைப் புத்தகத்தைப் படம் எடுத்து, ஆறு வருட ஏப்ரல் மாதத்தை ஒரு காகிதத்தில் வரைந்திருந்தார். பதினெட்டாம் திகதி பெரும்பாலும் மழையே இல்லை, பத்தொன்பதாம் திகதியில்தான் கொட்டியிருக்கிறது. ஆகவே பதினெட்டு, சனிக்கிழமை, பின்நேரம் மூன்று மணி.

மேல்கணக்குக்கு அது மிகவும் தோதான நேரம். கயிற்றின் கடைசியில் இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவள் ரெங்கம்மாவின் அக்கா மகள் யசோதினி. கொழும்பில் ஒரு கடையில் வேலை. புத்தாண்டுக்கும் கடை திறந்திருந்ததால் அவளுக்கு லீவு சனிக்கிழமைதான். விடியற்காலை பஸ் ஏறினால் இரண்டரைக்குப் பக்கத்து டவுன் லுணுகலையில் இறங்கிவிடுவாள். அவள் காலை ஊன்றினால் உரமூட்டை ஏற்றிய பசளை லொறி நின்ற மாதிரி.

வெள்ளி மாலை கோயில் மண்டபத்தில் கூட்டம். அந்தக் காகிதத்தை ரெங்கம்மா அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். அதை ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மழைப் புத்தகத்தைப் புரிந்துகொண்டவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான். வாயைத் திறக்காவிட்டால் யசோதினி வந்துவிடுவாள். மழை வராமல் ஏமாற்றினால் வெற்றி நிச்சயம்.

"மாஸ்டர், இது சரியில்ல" என்றார்.

"எது அக்கா சரியில்ல? உங்க கையெழுத்துதானே எல்லாம்."

"கையெழுத்து என்னுது. மழை எப்ப பேஞ்சது?"

"பத்தொன்பதாம் திகதி. நீங்களே எழுதியிருக்கீங்க, முப்பத்தொரு மில்லிமீற்றர்."

"அது நான் காலையில எட்டரைக்கு அளந்தது. எட்டரைக்கு எடுத்தா, பேஞ்சது முந்தின நாள் அந்தியில. பத்தொன்பதுல எழுதுன மழை பூரா பதினெட்டாம் திகதி மழை மாஸ்டர்."

கஜேந்திரன் காகிதத்தைப் பார்த்தார். ரெங்கம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"கணக்கு மாஸ்டருக்கே கணக்கா" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல மண்டபமே சிரித்தது.

"இன்னைக்கு ரேடியோவுலயும் சொல்லிட்டாங்க" என்றார் ரெங்கம்மா. "நாளைக்கு ஊவா மாகாணத்துல ரெண்டு மணிக்கு மேல இடியோட மழை. காலையிலயே இழுத்துருவோம். பத்து மணிக்கு."

விஜயலெட்சுமி இடுப்பில் கை வைத்தார். "ஏன்டி, புத்தகமும் ஒங்க கையில, ரேடியோவும் ஒங்க கையில. காலையில வச்சா ஒங்களுக்கு என்ன லாபம்? அதச் சொல்லு மொதல்ல."

"லாபமா? யசோதினி ரெண்டரைக்குத்தான் வருவா."

விஜயலெட்சுமி கையை இடுப்பிலிருந்து எடுத்தார். "அப்ப மழை வரத்தான் போவுது" என்றார். அதற்கு மேல் கூட்டம் தேவைப்படவில்லை.

மேல்கணக்குப் பெண்கள் வீடு போகும் வழியெல்லாம் ரெங்கம்மாவைத் திட்டினார்கள். "ஒரு நாளைக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன அக்கா? அந்த ரேடியோவ ஒடச்சுப் போடணும்."

"மூணாவது வருசமும் சேத்துல விழணுமா? தோத்தாலும் முடிவு தெரியட்டும்" என்றார் அவர்.

சனிக்கிழமை காலை வெயில் மண்டையைப் பிளந்தது. முகில் ஒன்று கூட இல்லை. போகிற வருகிற எல்லோரும் வானத்தைக் காட்டி, "மழை எங்கக்கா?" என்று கேட்டார்கள். பத்து மணிக்குக் கயிறு விரிந்தது. யசோதினியின் இடத்தில் ரெங்கம்மாவே நின்றார். முதல் தடவை கீழ்க்கணக்கு. இரண்டாவது தடவை, விஜயலெட்சுமியின் செருப்பு அறுந்துபோக, மேல்கணக்கு. மூன்றாவது நெடுநேரம் போனது. கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சாண் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ரெங்கம்மாவின் கால் மண்ணைக் கீறிக்கொண்டு முன்னால் வந்தது. பின்னால் அவரைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

கீழ்க்கணக்குப் பெண்கள் விஜயலெட்சுமியைத் தூக்கப் பார்த்து முடியாமல் கீழே விட்டார்கள். அவர் எழுந்து வந்து ரெங்கம்மாவின் சிவந்த உள்ளங்கைகளைப் புரட்டிப் பார்த்தார். "எண்ணெ வச்சுக்க. திங்கக்கெழமை ஆபீஸுக்குக் கொழுந்து நிறுக்க வருவேன், அப்பவும் சொல்லிக்காட்டுவேன்" என்றார்.

ஒன்றரைக்கு லுணுகலைப் பக்கம் கறுத்தது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு முதல் துளி. பிறகு மலை தெரியாத மழை. எல்லோரும் மண்டபத்துக்குள் நெருக்கிக்கொண்டு பலகாரம் சாப்பிட்டார்கள். கஜேந்திரன் சுவரில் இருந்த காகிதத்தைத் தானே கிழித்தெடுத்து அதில் எண்ணெயில் பொரித்த கொக்கிஸ் வைத்துச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. யசோதினி இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்க உள்ளே பார்த்தாள்.

"நேரத்துக்கு வந்துட்டேன்ல? கயிறு எங்க சின்னம்மா?"

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. ரெங்கம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவள் கையில் வைத்தார்.

"ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்துட்டோம். குடி, ஆறப்போவுது."