கோழி ஹேமும் கருவாட்டுக் குழம்பும்

எங்கள் வீட்டுக்குள் ஹேம் வந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் அத்தைக்காக வந்தது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, லாரி ஓட்டி அவரைப் படிக்கவைத்தது அப்பாதான். படித்து ஆபீஸ் வேலைக்குப் போன அத்தை, அங்கேயே வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்து மாமாவைத் தானாகவே பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அப்பா திட்டித் தீர்த்திருந்தால் பரவாயில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு ஒன்பது வயதானபோது, அம்மா போனில் பேசிப் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சாப்பிட வரவழைத்தார். அப்பா அத்தையிடம் பேசுவாரா, மாட்டாரா? அந்த வாரம் முழுக்க அம்மா கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

"வரட்டும். ஆனா அவங்க சாப்பிடுற மாதிரி ஏதாச்சும் செய்யி. நம்ம சாப்பாட்டப் போட்டு, இன்னும் எஸ்டேட்டுக்காரங்களாவே இருக்காங்கன்னு பேரு வாங்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா லாரியைக் கழுவப் போய்விட்டார்.

அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கோயிலுக்குப் பதில் சர்ச், வீட்டுக்குள் இங்கிலீஷ். அப்படியென்றால் முள்கரண்டியால் சாப்பிடுகிற ஏதோ ஒன்று. பேக்டரியில் அம்மாவோடு வேலை பார்த்த போர்த்துகீசிய ஆன்ட்டி, தான் கிறிஸ்மஸுக்குச் செய்யும் கேசரோலைச் சொல்லிக்கொடுத்தார். காய்கறியை வேகவைத்து, ஹேம் என்கிற பதப்படுத்திய பன்றி இறைச்சியை வெட்டிப்போட்டு, வெள்ளைச் சாஸ் ஊற்றி, சீஸ் தூவி ஓவனில் வைத்தால் அரை மணி நேரத்தில் ஆகிவிடுமாம்.

ஓவன் எங்களிடம் இல்லை. நாங்கள் குடியிருந்த பாயா ரும்புட்டில், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணியிடம் இருந்தது. அவர் பெருநாளுக்கு பிஸ்கட் சுடுகிற ஓவனில் பன்றியை வைக்க முடியுமா? அதனால் அம்மா தேடிப்பிடித்துக் கோழி ஹேம் வாங்கிவந்து, பாக்கெட்டில் இருந்த ஹலால் முத்திரையை வேலிக்கு மேல் தூக்கிக் காட்டினார். "ஆயாம் லா மக்சிக், ஆயாம்!" கோழிதான், கோழிதான் என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன். மக்சிக் சிரித்துக்கொண்டே ஓவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அரை மணி நேரச் சமையல் காலை முழுவதும் நடந்தது. அம்மா ஹேமை முகர்ந்து பார்த்து, "என்னா கோழி இது, ஒரு வாசமும் இல்ல" என்று முகத்தைச் சுளித்தார். முதலில் கிண்டிய சாஸ் கட்டிகட்டியாகி நாய்க்குப் போனது. இரண்டாம் முறை நான் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்டினார். உருளைக்கிழங்கு, கேரட், காலிபிளவர் எல்லாம் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்து அவர் கை தானாக மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போனது. "ஆன்ட்டி மிளகா சொல்லலம்மா!" என்று நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போதே ஊரைத் திருத்துகிற குணம். சீஸ் பொன்னிறமாகிக் கொப்பளித்தபோது, நாங்கள் இருவரும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்றோம்.

சோறு இல்லாமல் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்காகக் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்து, சட்டியை மூடி, அடுப்புக்குக் கீழே அலமாரியில் அம்மா ஒளித்துவைத்தார். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். கருவாட்டை ஒளிக்கலாம், அதன் வாசத்தை யார் ஒளிப்பது?

அத்தை வந்தார். அப்பா மாமாவைப் பார்த்து "வாங்க" என்றார். அத்தைக்கு அதுகூட இல்லை. "நான் அப்புறமா சாப்பிடுறேன்" என்று டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கண்ணாடித் தட்டில் கேசரோலைப் போட்டு வைத்தார். மாமா, "வெரி நைஸ் அக்கா" என்று இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். அத்தை மட்டும் முள்கரண்டியால் கேரட்டை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அண்ணி, கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கீங்களா?" என்றார்.

"இல்லம்மா, பக்கத்து வீட்டுல" என்றார் அம்மா.

பக்கத்து வீட்டு மக்சிக் மேல் இப்படி ஓர் அபாண்டமா? என்னால் பொறுக்க முடியவில்லை. "நம்ம வீடுதான் அத்தை! கீழ ஒளிச்சி வச்சிருக்கோம். அப்பாவுக்கும் எங்களுக்கும் மட்டும்தான். உங்களுக்கு இது."

அத்தை முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் அவ்வளவு தூரத்து ஆளா ஆயிட்டனா அண்ணி?" என்றார். கண்ணீர் தட்டில் விழுந்தது. இவ்வளவு சீஸ் போட்டும் அழுகிறாரே என்று எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா எழுந்தார். நேரே அடுப்படிக்குப் போய், சோற்றையும் குழம்புச் சட்டியையும் தானே தூக்கிவந்து மேசையில் வைத்து, அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு தட்டில் போட்டுப் பிசைந்து, ஒரு வாய் போட்டுக்கொண்டு முகத்தைச் சுருக்கினார்.

"உப்பு பத்தலியே" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ பாரும்மா" என்று அத்தையின் பக்கம் தட்டைத் தள்ளினார்.

அத்தை அந்தத் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். வெகுநேரம் மென்றார். "ஆமாண்ணே, கொஞ்சம் கம்மிதான்" என்று சொல்லிவிட்டு, உடனே இன்னொரு கவளம் எடுத்தார்.

நான் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. "பொய்! உப்பு கரெக்டா இருக்கு" என்றேன். அம்மா மேசைக்கடியில் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார், அவர் சமையலுக்காகத்தானே நான் வாதாடினேன்! ரோஷம் பொத்துக்கொண்டு வர, உப்பு ஜாடியைத் தூக்கிவந்து இருவருக்கும் நடுவில் டொக்கென்று வைத்தேன். அண்ணனும் தங்கையும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஜாடியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உப்பு வேண்டாதவர்கள் எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்று அன்று தூங்கும்வரை எனக்கு ஒரே எரிச்சல்.