கம்பிக்கு வால்வு போன கதை

கம்பி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை வீட்டுச் சமையலறையில். தங்கை மகள் கூரியர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். "பெரியம்மா, நான் கம்பியைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள்.

"கம்பி எண்ணுறவனா, கம்பி நீட்டுறவனா? அதை முதல்ல சொல்லு" என்றேன்.

"கம்பி வளைக்கிறவன்."

தங்கை கரண்டியை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

விசாரித்தால், பையன் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவன் அதில் பல் அடுக்கி, பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ளும்படி மெல்லிய கம்பியைக் குறடால் வளைத்து வைப்பான். சனிக்கிழமை மாலைகளில் ஓர் உணவகத்தில் கிடார் வாசிப்பான். அங்கேயும் கம்பிதான். அவனுடைய அம்மா என் கொழுந்தன் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா என்பதை நான்தான் தோண்டி எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் தங்கைக்கு மூச்சு வந்தது. சொந்தக்காரர்களை நினைவில் வைத்திருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த படிப்பு.

என் மேல்வரிசைப் பல் முழுவதும் அவன் செய்ததுதான். சிரிப்பு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அவன் பெயரைச் சொல்வதில்லை. என்னுடையது என்றே ஒப்புக்கொண்டுவிடுவேன்.

கல்யாணமாகிச் சில வருடங்களில் இருவருக்கும் ஓர் ஆசை வந்தது. சொந்தமாகப் பல் கூடம் வைக்க வேண்டும். அதற்கு முக்கியமானது பீங்கான் பல் சுடுகிற உலை. சிறிய இரும்புப் பெட்டி மாதிரிதான் இருக்கும், விலை மட்டும் பெரிது. உலைக்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமையும் பார்சல் பிரிக்கப் போனாள். "மருமகன் இன்னும் எத்தனை நாளைக்கு அந்த முதலாளிகிட்ட ஏச்சு வாங்குவாரு" என்று தங்கை கேட்டால், "உலை வர்ற வரைக்கும்" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் என் பல் ஈறை உரசுகிறது என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். கம்பி என் பல்லை வாங்கி மேசையில் வைத்தான். அதற்குள் போன் வரவே, பால்கனிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தான். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. பால்கனிக் கதவுதான் சரியாக மூடாது.

"நாலு வால்வு. அதுல ஒண்ணு வீக்கா இருக்கு சார். எப்ப வேணா போயிடும். சூடேறவே நேரமாகுது... ஆமா சார், மெஷின் வேலை வேண்டாம்னுதானே உங்ககிட்ட வந்தேன். நீங்க ஒவ்வொண்ணா கையாலயே பண்றீங்க. செலவு ஆனா ஆகட்டும்... இல்ல, வீட்ல சொல்லல. தெரிஞ்சா தாங்க மாட்டா."

என் கொழுந்தனுக்கு வால்வு மாற்றிய வீடு எங்கள் வீடு. இருதயத்தில் நாலு வால்வு என்று எனக்கு மனப்பாடம். வாயில் பல் இல்லாததால் என்னால் அப்போது ஒன்றும் கேட்கவும் முடியவில்லை. பல்லைச் சரிசெய்து கொடுத்தான், மாட்டிக்கொண்டேன், அவன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்த மாதிரி இருந்தது. பல் செட் மாவு ஒட்டியிருந்ததை நான் யோசிக்கவில்லை.

தங்கையிடம் மட்டும்தான் சொன்னேன். தங்கை அவள் ஓரகத்தியிடம் மட்டும். மாலைக்குள் கம்பி வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. என் கொழுந்தன் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டி, "மாப்ள, பயப்படாதீங்க, நான் இப்பப் படியே ஏறுறேன்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி ஆப்பிள் பைகளுக்கு நடுவில் திருதிருவென்று விழித்தான்.

தங்கை மகள் அலுவலகத்திலிருந்து நேராக வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் முன்னால் போய் நின்றாள்.

"உலை கிடக்குது. இருக்கிறதை எல்லாம் எடுத்துக்குவோம். நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம். நீ இருந்தா போதும்."

கம்பி அவளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், ஆப்பிளைப் பார்த்தான். "அது ஆம்ப்ளிஃபையர் வால்வு" என்றான்.

கொழுந்தன் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. கிடார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி. அதற்குள் சூடேறி எரிகிற கண்ணாடிக் குழாய்தான் வால்வு. அவனிடம் பழைய மலிவுப் பெட்டி ஒன்று உண்டு. அது போதாமல், வேறு ஊரில் ஒருவர் ஒவ்வொரு கம்பியையும் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்கிற பெட்டியை வாங்கிவிட்டான். உலைக்கு வைத்திருந்ததில் பாதி போய்விட்டது. பெட்டி பல் கூடத்தில், மாவு மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தது.

"உலை கிடக்குதுன்னு நான் சொன்னது உன் நெஞ்சுக்கு" என்றாள் தங்கை மகள். "பொட்டிக்கு இல்ல."

"சத்தம் வேற மாதிரி இருக்கும், கேட்டுப் பாரு."

"சாப்பிடுறவங்க கரண்டிச் சத்தத்துல அது யாருக்குக் கேக்கும்?"

"காது இருக்கிறவங்களுக்குக் கேக்கும்."

"சரி" என்று என் பக்கம் திரும்பினாள். "கதவுக்கு இந்தப் பக்கமிருந்து வால்வைக் கேட்ட காது இங்கதான் இருக்கு. அதுவே கேட்டுச் சொல்லட்டும். பெரியம்மா வித்தியாசம் கண்டுபிடிச்சா பொட்டி உனக்கு. இல்லைன்னா வித்துட்டு உலை வாங்குறோம்."

வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நீதிபதி பதவி அதுதான். மறுநாள் பெட்டி வந்தது. என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி, காலண்டரைப் பார்த்தபடி உட்கார வைத்தார்கள். பின்னால் அவன் ஒரே பாட்டை ஒரு பெட்டியில் வாசித்தான், பிறகு மற்றொன்றில். எனக்கு இரண்டும் கிடார் சத்தமாகவே கேட்டது. ஆனால் இரண்டாவதில் ஓர் இடம் வந்தபோது என் மேல்வரிசை கிடுகிடுவென்று ஆடியது.

"இதுதான் புதுசு" என்றேன்.

கம்பிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மறுபடி சோதனை வைத்தார்கள், மறுபடி சரியாகச் சொன்னேன். எனக்கே என் காதின் மேல் மரியாதை வந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். "காது என்ன காது, பல்லே சொல்லுதே" என்றேன் பெருமையாக.

தங்கை மகள் எழுந்தாள். "அப்படின்னா அதுல சத்தம் ஜாஸ்தி. எங்க ஆபீஸ்ல தராசு முள்ளு நடுவுல நிக்காம எதையும் எடை போட மாட்டோம். ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டா."

கொண்டுவந்தான். என் பல் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் குருட்டாம்போக்கு. பாதி சரி, பாதி தப்பு. நீதிபதி பதவி போய்விட்டது.

"இப்ப நீ திரும்பி உட்காரு" என்றாள் அவனிடம். அவளுக்குத் தெரிந்த ஒரே பாட்டை அவனுடைய கிடாரில் தட்டுத்தடுமாறி வாசித்தாள். பெட்டியை மாற்றி மறுபடி வாசித்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். பொய் சொல்லியிருக்கலாம், பாதிக்குப் பாதி சரியாக விழுந்திருக்கும்.

"தெரியல" என்றான்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆனா நான் வாசிக்கும்போது விரலுக்குத் தெரியுது" என்றான். "மெல்லத் தொட்டா மெல்ல வருது. அழுத்தினா அழுத்தமா வருது. பழசு அப்படி இல்ல, எப்படித் தொட்டாலும் ஒண்ணுதான்." பிறகு என்னைக் காட்டினான். "பெரியத்தை பல்லு மாதிரி. கம்பியை நான் எப்படி வளைச்சேன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியுமா? ஈறுக்குத்தான் தெரியும்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. முந்தின நாள் உரசிய இடம் அப்போது உரசவில்லை. அவன் கட்சிக்குப் பேசலாமென்று வாயைத் திறந்தேன்.

"பெரியம்மா, நீங்க பல்லுக்குக் காசு குடுத்தீங்களா?" என்றாள்.

மூடிக்கொண்டேன்.

"உன் விரலுக்குத் தெரியுது, நான் இல்லேங்கல" என்று அவனிடம் சொன்னாள். "ஆனா என் ஞாயித்துக்கிழமை எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அது உன் விரலுக்குத் தெரியுதா?"

அவன் எழுந்துபோய் மின்சாரக் கம்பியைப் பிடுங்கினான். பெட்டி சூடு ஆறுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

விற்பதற்கு முன் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி எங்களுக்கு உள்ளே காட்டினான். ஒவ்வொரு கம்பியும் அழகாகத்தான் வளைந்து கிடந்தது. ஒன்றை மட்டும் விரலால் தொட்டு, "இது கொஞ்சம் கோணல்" என்றான். அதைச் சொன்ன பிறகு அவன் முகம் சற்றுத் தெளிந்தது.

பெட்டியை வாங்கியவர் வேறு யாருமில்லை. கம்பிக்கு அச்சு அனுப்புகிற பல் டாக்டர். அவருக்கு மூன்று பாட்டு தெரியும், மூன்றிலும் பாதி. பேரம் பேசாமல் போட்ட விலைக்கே எடுத்துக்கொண்டார். அந்த மாதமே உலை வந்தது. உலையைச் சுற்றி நின்று நாங்கள் பார்த்தோம். கொழுந்தன் அதைத் தட்டிப் பார்த்து, "இதுல வால்வு இருக்கா?" என்றார்.

இந்த மாதிரிப் பெட்டிக்கு அவ்வளவு காசு தகுமா என்று பிற்பாடு தங்கை என்னைக் கேட்டாள். நான் சொன்னேன்: டாக்டர் காசுக்குத் தகும். ஏனென்றால், பெட்டியை வாங்கிய சில வாரத்தில் டாக்டர் போன் செய்தார். ஒரு வால்வு சரியில்லை போலிருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று. ஞாயிறு காலையில் கம்பி போனான். வால்வைப் பார்க்க வேண்டுமென்றால் வாசித்துத்தானே பார்க்க வேண்டும். மத்தியானம்தான் திரும்பினான். அடுத்த ஞாயிறும் ஏதோ ஒரு வால்வு.

"பாத்தீங்களா பெரியம்மா" என்று தங்கை மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அன்னைக்கு நீங்க கேட்டதுதான் சரி. இவன் கம்பி நீட்டுறவன்."

கம்பி இப்போது கூரியர் அலுவலகத்துக்கு எதிர் மாடியில் சொந்தப் பல் கூடம் வைத்திருக்கிறான். பழைய பெட்டி உலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் டாக்டர் வீட்டில் இருப்பான்.