கோயில் வாசலுக்குத் திரும்பி வந்த அரிவாள்கள்

எங்கள் அரிவாள்கள் அத்தனையையும் மிட்டாதாரின் ஆட்கள் கோயில் வாசலிலிருந்து வாரிக்கொண்டு போனார்கள். நாங்கள் உள்ளே முழங்காலில் நின்று கண்ணை மூடியிருந்தோம். ஜெபம் முடிந்து வெளியே வந்தால் வாசல் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் கஷ்டம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அண்ணன்மாரே, அக்கா தங்கைகளே, எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, எங்கள் கோயிலை நடத்துகிற உபதேசியார் எழுதுகிறார். அவர் சாந்தமான மனுஷர். நான் அப்படியில்லை. இதில் எங்கேயாவது இதமான வார்த்தை வந்தால் அது அவருடையது, காரமான வார்த்தை வந்தால் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பேர் ரெபேக்காள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் முனியம்மா. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போகிற வழியில், மலையடிவாரத்தில் எங்கள் சேரி. என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. நான் பெண்களைக் கூட்டிச் சேர்த்துப் புல் குத்தகை எடுத்து நடத்துகிறேன். எங்களுக்கு இரண்டு நிலக்காரர்கள். மலைச்சரிவு முழுக்க, எங்கள் பக்கத்துச் சின்ன ஜமீன்தாரான மிட்டாதாருடையது. ஏரிக்கரைப் புல் நாயுடுவுடையது. நாங்களே அறுத்து, காயவைத்து, புரட்டிவிட்டு, போர் போட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று போரில் ஒன்று நிலக்காரருக்கு, இரண்டு எங்களுக்கு. எங்கள் பங்கு ஸ்டேஷன் ஜட்காக் குதிரைகளுக்கும் தோல் ஷாப்பு வண்டி மாடுகளுக்கும் போகும். அதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

மலைச்சரிவில் இருப்பது ஊசிப்புல். பூ விடுவதற்கு முன்னால் அறுத்தால் அது நல்ல தீனி. விட்டுவிட்டால் நுனியில் ஊசி முற்றிவிடும். உரசினவரைக் குத்தும். சேலையில் ஏறும், காலில் ஏறும், ஆட்டு மயிருக்குள் நுழைந்து தோலையே துளைக்கும். மிட்டாதாரின் ஆடுகள் அந்தச் சரிவில்தான் மேய்கின்றன. அதனால் ஐப்பசி முடிவதற்குள் அறுத்துவிட வேண்டும். இது எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமில்லை. மிட்டாதாருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

அறுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. எல்லா அரிவாளையும் மிட்டாதார் வீட்டு அம்மன் முன்னால் வைப்போம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார், நாங்கள் குனிந்து வாங்குவோம். அந்த வருஷம் எங்கள் கூட்டம் முழுவதும் ஞானஸ்நானம் பெற்றிருந்தது. இனி அங்கே போய் எப்படிக் குனிவது? எங்கள் ஓலைக் கோயில் வாசலில் அரிவாள்களை வைத்து, உள்ளே ஜெபம் செய்துவிட்டு அறுப்புக்குப் போவது என்று முடிவு செய்தோம். நானே போய் அவரிடம் பதமாகத்தான் சொன்னேன்.

"சாமி, இந்த வருஷம் எங்க கோயில்ல ஜெபம் பண்ணிட்டு வர்றோம். அறுப்புல ஒரு கொறையும் வராது சாமி."

அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்களை அனுப்பிவிட்டார்.

அன்று மத்தியானமே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"இன்னாடி முனியம்மா, அரிவாளத் தேடிக்கினு வந்தியா?"

"ஏழைங்க பொழப்பு சாமி அது."

"என் மலைப் புல்ல அறுக்கிற அரிவா என் அம்மன் முன்னாடிதான் இருக்கணும். வெள்ளிக்கிழம எல்லாரும் வந்து கும்பிட்டு வாங்கிக்கினு போங்க. முடியாதுன்னா உங்க சாமி வந்து வாங்கிக் குடுக்கட்டும், போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.  அரிவாள் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

புது அரிவாள் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அரிவாள் வாங்கலாம், மலையை எங்கே போய் வாங்குவது? நாயுடுவிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அவர் கிட்ட நான் பகைச்சிக்க முடியாதும்மா. நீயே சமாதானமாப் போயிடேன்" என்றார். ஏரிக்கரைப் புல்லும் போனது.

பட்டினி வந்தது. மலையில் கிழங்கு தோண்டி அவித்துத் தின்றோம். என் வீட்டுக்காரரின் கூலி எங்கள் ஒரு வீட்டுக்கே போதவில்லை, மற்ற வீடுகளின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். சில பெண்கள் என் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் மார்த்தாள் என்று ஒரு பெண், மடியில் பால் குடிக்கிற குழந்தை. ஒரு நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, ஒரே ஒரு வெள்ளிக்கிழம. தலையக் குனிஞ்சிட்டு வந்துடலாம் அக்கா. மனசுக்குள்ள இயேசப்பாவ நெனச்சிக்கலாம். பால் வத்திப் போச்சு."

 போகாதே என்று சொல்ல என் வீட்டில் அரிசி இருந்ததா? போ என்று சொல்ல என் மனசு இடம் கொடுத்ததா? ஒரு தடவை குனிந்தால் அப்புறம் வருஷா வருஷம் குனிய வேண்டும், கோயிலையும் பூட்டிவிட வேண்டியதுதான். குனியாவிட்டால் அந்தக் குழந்தை போய்விடும். "வர்ற வெள்ளிக்கிழம வரைக்கும் பொறு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அதற்குள் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது.

அவள் போனதும் நான் நேராக மிட்டாதார் வீட்டுக்கு நடந்தேன். ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் வாசலில் தூற்றிச் சபித்துவிட்டு வரத்தான் போனேன். எங்கள் பக்கத்தில் கதியற்ற பெண்ணுக்கு மிச்சமிருக்கிற ஆயுதம் அது ஒன்றுதான். மண்ணை அள்ளியும் விட்டேன். எதிரே உபதேசியார் வந்தார். என் கையைப் பார்த்தார். 

"அத அங்க கொட்டாத ரெபேக்கா. கோயில்ல கொண்டாந்து கொட்டு" என்றார்.

கையை இறுக மூடிக்கொண்டு கோயிலுக்கு வந்தேன். பலிபீடத்துக்கு முன்னால் அந்த மண்ணைக் கொட்டினேன். பிறகு ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்று உள்ளபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். "ஆண்டவரே, எனக்குப் பொறுமை வேணாம். அவன் திருந்தவும் வேணாம். உம்ம வாசல்ல எடுத்தத அவனே அவன் கையால தூக்கிக்கினு வரணும். ஆள் அனுப்பக் கூடாது. எங்க எடுத்தானோ அங்கியே குனிஞ்சி வெக்கணும். நாங்க நிமுந்து நின்னு அதப் பாக்கணும். சிரிச்சாங்களே, அவங்களும் பாக்கணும்." அழுதேன், தரையில் அடித்தேன். பின்னால் நின்ற உபதேசியார் ஆமென் சொல்லவில்லை. ஆனால் வாயை மூடு என்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த மண்ணை அவரேதான் பெருக்கினார்.

இனி ஆண்டவர் செய்ததைக் கேளுங்கள்.

எங்களுக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. மிட்டாதாரின் ஆடு மேய்க்கிற கோவிந்தன் என் வீட்டுக்காரருக்குத் தோஸ்து. அவன் வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. மிட்டாதார் அரிவாள்களை அம்மன் முன்னால் வைக்கப் போனபோது அவர்கள் பூசாரியே தடுத்துவிட்டாராம். "வேற சாமி வாசல்ல வெச்சத இங்க வெக்கக் கூடாதுங்க" என்றாராம். வீட்டுக்குள் கொண்டுபோனால் அவருடைய வீட்டம்மா வாசற்படியிலேயே மறித்துக்கொண்டாராம். கடைசியில் எல்லாவற்றையும் ஆட்டுப்பட்டி வாசலில் உயரக் கட்டின படலில் மாட்டிவிட்டார். பட்டிக்குள் போகிற ஒவ்வொரு ஆடும் எங்கள் அரிவாள்களுக்குக் கீழேதான் போய்வந்தது.

அரிவாள்களை வாரிக்கொண்டு போனவர்களில் ஒருவன் காய்ச்சலில் விழுந்தான். மலைக்காட்டில் கொசு கடித்தால் யாருக்கும் வருகிற காய்ச்சல்தான் அது. ஆனால் ஊர் அப்படிப் பேசவில்லை. கோயில் வாசலில் கை வைத்தான், சாமி கேட்டுவிட்டது என்றுதான் பேசியது. மிட்டாதார் வேறு சேரியிலிருந்து ஆள் கொண்டுவந்தார். அவர்கள் படலில் தொங்கியதைப் பார்த்தார்கள், கதையைக் கேட்டார்கள், சாயங்காலமே மூட்டையைக் கட்டிவிட்டார்கள். சாமிக்கு வைத்த அரிவாளை மாட்டிவிட்டு, அந்தப் புல்லில் எங்களை இறங்கச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அவருடைய சொந்தப் பண்ணையாட்களுக்கோ நெல் வேலை தலைக்குமேல் கிடந்தது. மலைப்புல் அப்படியே நின்றது.

நின்றது மட்டுமா? பூத்தது, முற்றியது. சேரியிலிருந்து பார்த்தால் சரிவு முழுக்கச் செம்பட்டையாகத் தெரியும். நான் தினமும் காலையில் வெளியே வந்து அதைப் பார்ப்பேன். பட்டினி வயிற்றோடு பார்ப்பேன். சொல்லக்கூடாதுதான், சொல்லிவிடுகிறேன்: எனக்கு வயிறு நிறைந்தது.

நான் சொன்ன தவணையை மார்த்தாள் எப்படியோ தாண்டிவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ராத்திரி கோவிந்தனின் பெண்சாதி ஒரு சொம்பு ஆட்டுப்பால் கொண்டுவந்து அந்தக் குழந்தைக்குக் கொடுத்தாள். அவள் எங்கள் வேதத்தைச் சேர்ந்தவள் இல்லை. அப்புறம் தினமும் கொண்டுவந்தாள். மிட்டாதாரின் ஆட்டுப்பாலை எங்கள் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்த ஆண்டவரை நான் எப்படித் துதிக்காமல் இருப்பேன்?

கார்த்திகையில் அவர் வழக்கம்போல ஆட்டுத்தோலை வாணியம்பாடி மண்டிக்கு அனுப்பிவிட்டு, விலை பேசத் தானும் போனார். மண்டி சாயபு ஒரு தோலை எடுத்து வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர், தோல் ஷாப்புக்குச் சரக்கு எடுத்துப் போக வந்தவர். தோல் முழுக்க ஊசித் துளை. ஒன்று தவறாமல் எல்லாத் தோலிலும் துளை.

"இன்னா மிட்டாதாரே, தோல் கேட்டா சல்லடை அனுப்பிக்கிறீங்க? பேஜாரு. எடுத்துக்கினு போங்க" என்றாராம் சாயபு.

எல்லோருக்கும் முன்னால்! அங்கேயும் சிரித்தார்களாம். அதைக் கேட்ட ராத்திரி நான் பாட்டுப் பாடிக்கொண்டே கிழங்கு அவித்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய், "கம்மியா சந்தோஷப்படு" என்றார்.

இன்னும் உயிரோடிருந்த ஆடுகளுக்கெல்லாம் புண். மலையின் வடபக்கம் நிழலான இடம், அங்கே மட்டும் புல் தாமதமாக வளர்ந்து ஊசி முற்றாமல் இருந்தது. அதை உடனே அறுத்து இடம் பண்ணினால் மிச்ச ஆடுகளையாவது அங்கே விட்டுக் காப்பாற்றலாம். யார் அறுப்பது? மலை அறுப்புக்கு எங்களை விட்டால் ஆளில்லை. முதலில் அரிவாள்களைத் திருப்பித் தரவேண்டும். கோவிந்தனைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போய்க் கொடு என்றாராம். "நான் புள்ளகுட்டிக்காரன் சாமி, அத நான் தொடமாட்டேன்" என்று கோவிந்தன் கும்பிட்டுவிட்டான். இன்னொருவனைக் கூப்பிட்டார். அவனும் மாட்டேன் என்றான். அந்தப் பண்ணையில் எங்கள் அரிவாளைத் தொட ஒரு கை இல்லை, அவருடைய இரண்டு கைகளைத் தவிர.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறுகளில் ஒன்று. ஆராதனை முடிகிற நேரம். உபதேசியார் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினார். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். மிட்டாதார் வந்துகொண்டிருந்தார். தலையில் உருமால். இரண்டு கையிலும் சாக்கில் சுற்றின கட்டு. பின்னால் கொஞ்சம் தள்ளி ஊர் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள் அதில் இருந்தார்கள். வாசலுக்கு வெளியே வெயிலில் வந்து அவர் நின்றார்.

உபதேசியாரும் பார்த்துவிட்டார். நல்ல மனுஷர் அல்லவா, சீக்கிரமாக முடித்து வெளியே போகப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"உபதேசியாரே, எனக்கு ஒரு ஸ்தோத்திர ஜெபம் இருக்குது."

முழங்காலில் நின்று ஆரம்பித்தேன். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் ஜெபித்ததில்லை. மலைக்காக ஸ்தோத்திரம். மழைக்காக ஸ்தோத்திரம். ஊசிப்புல்லை உண்டாக்கினவருக்கு ஸ்தோத்திரம், அதன் ஊசிக்காகத் தனியாக ஒரு ஸ்தோத்திரம். பூசாரிக்காக, கோவிந்தனுக்காக, ஆட்டுப்பாலுக்காக, சாயபுவின் கண்பார்வைக்காக. பிறகு ஒவ்வொரு அரிவாளையும் அதற்குரிய பெண்ணின் பேரைச் சொல்லி ஸ்தோத்திரித்தேன். ஒவ்வொரு பேருக்கும் பெண்கள் கூரை அதிர ஆமென் சொன்னார்கள். மார்த்தாளின் ஆமென்தான் எல்லாவற்றிலும் பெரிசு. உபதேசியார் ஒரு தரம் இருமினார். நான் நிறுத்தவில்லை. வெளியே வெயில் நன்றாகக் காய்ந்தது.

ஜெபம் முடிந்து வெளியே வந்தோம். அவர் முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. கட்டை எங்கள் பக்கம் நீட்டினார்.

"எடுத்துக்க. நாளைக்கு வடபக்கம் அறுத்துடுங்க."

சின்ன வயசிலிருந்து நான் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. எனக்கு ஒரு சாமி உள்ளே இருந்தார்.

"எங்க எடுத்தாங்களோ அங்க வைங்க ஐயா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. எங்கள் கோயில் ஓலைக் கூரை தாழ்வானது, நிமிர்ந்துகொண்டு யாரும் வாசற்படிக்கு வர முடியாது. அவர் குனிந்தார். உருமால் ஓலையில் தட்டிக் கீழே விழுந்தது. வாசற்படியில் அரிவாள்களை வைத்தார். நாங்கள் நிமிர்ந்து நின்று பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க எங்களுக்கு ஆசைதான், உபதேசியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வடபக்கம் அறுத்தோம், ஒரு குறையும் வைக்கவில்லை. மிச்ச ஆடுகள் பிழைத்தன. அன்றிலிருந்து இன்றுவரை அறுப்புக்கு முந்தின ஞாயிறு எங்கள் அரிவாள்கள் கோயில் வாசலில்தான் இருக்கின்றன. ஒரு பிள்ளைகூட அதைத் தொடுவதில்லை. மிட்டாதார் வீட்டம்மா அன்றைக்குக் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்தனுப்புகிறார். நாயுடுவும் தானாகவே கூப்பிட்டுவிட்டார். அவருடைய புல்லை மட்டும் இன்றைக்கும் கடைசியாகத்தான் அறுக்கிறேன். மார்த்தாளின் பிள்ளை இப்போது எங்களோடு பாட்டுப் பாடுகிறது.

மிட்டாதாரை மன்னித்துவிட்டாயா என்று எழுதுகிறபோதே உபதேசியார் கேட்கிறார். அவருக்காக ஜெபிக்கிறேன், அது உண்மை. மீதியை ஆண்டவர் என்னிடம் கேட்கட்டும், அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

என் ஜனங்களே, உங்களுக்கும் உங்கள் ஊரில் ஒரு மிட்டாதார் இருப்பார். உங்கள் கையிலும் ஒரு பிடி மண் இருக்கும். அதை அவர் வாசலில் தூற்றாதீர்கள், காற்று அடித்தால் உங்கள் கண்ணில்தான் விழும். ஆண்டவர் முன்னால் கொண்டுவந்து கொட்டுங்கள். நல்ல வார்த்தை வருகிறவரைக்கும் காத்திருக்காதீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஜெபித்தேன். அவர் கேட்டார்.