மலைச்சாமி கொண்டுவந்த பாட்டில்

கல்யாணப் பந்தியில் சோறு விழுந்ததும் மலைச்சாமியின் கை சட்டைப் பைக்குள் போய்விடும். வெளியே வருவது ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. உள்ளே நார்த்தங்காய் ஊறுகாய். பரிமாறுகிறவர்கள் முறைத்தாலும் கவலைப்பட மாட்டார். ஓட்டலுக்குப் போனால் வீட்டுத் தயிரைத் தூக்குவாளியில் கொண்டுபோவார். "எனக்கு என்ன பிடிக்கும்னு அங்க சமைக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்பார். பக்கத்தில் மனைவி வெள்ளத்தாய் இருந்தால் முதல் துண்டு அவர் இலைக்குத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குச் சிமெண்ட் கடை, ராஜபாளையத்தில் எனக்கு. என் கடைதான் பெரிது. ஆனால் கொத்தனார்கள் என்னிடம் சரக்கை ஏற்றியதும் போய்விடுவார்கள். அவர் கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். கல்லாவில் வெள்ளத்தாய் இருப்பார். எப்போது போனாலும் புருஷனும் பெண்டாட்டியும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ! பதினைந்து வருடமாக எனக்கு அது உறுத்தல்.

போன வருடம், நன்றாக விற்ற கடைக்காரர்களைச் சிமெண்ட் கம்பெனி குடும்பத்தோடு சிங்கப்பூரில் உல்லாசக் கப்பலேற்றியது. ஆளுக்கொரு பாட்டில் ஒயின் கொண்டுவரலாம், சாப்பாட்டு ஹாலில் குடிப்பதானால் திறந்து கொடுக்கத் தனிக் கட்டணம் என்று கம்பெனி ஆள் விக்னேஷ்வரன் சொல்லியிருந்தார். நான் இருப்பதிலேயே உசத்தியானதை வாங்கி, அறை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மற்ற ஆண்களும் அப்படித்தான். பெண்கள் இல்லாத நேரம் பார்த்து ஓர் அறையில் கூடுவதாகப் பேச்சு.

முதல் நாள் இரவு, மலைச்சாமி பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டைப் பரிசாரகன் திறந்து ஊற்றினான். ஒரு கிளாஸை மலைச்சாமி மனைவி பக்கம் நகர்த்தினார். எங்கள் மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றது.

வெள்ளத்தாய் மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணிவிட்டது.

"ஏங்க, திராட்சைன்னு சொன்னீக. புளிச்ச காடித்தண்ணி மாதிரியில்ல இருக்கு!"

"செத்த நேரம் வாயில வச்சிரு. பொறவு இனிக்கும்னு கடைக்காரன் சொன்னான்."

"அவன் விக்கறதுக்குச் சொல்லியிருப்பான். நீங்களும் நம்பி வாங்கியிருக்கீக."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் மனைவி மாரீஸ்வரி மட்டும் சாப்பிடாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கு வந்ததும் கேட்டாள்: "நீங்களும் ஒண்ணு வாங்குனீகளே, எங்க?"

"அது ஆம்பளைங்க சமாச்சாரம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நானும் என் பாட்டிலோடு போனேன். எல்லோருக்கும் தெரியும்படி மேஜை நடுவில் வைத்துத் திறக்கச் சொல்லி, மாரீஸ்வரிக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவள் கிளாஸைத் தொடவில்லை. "அவிய குடுத்தாகன்னுதான குடுக்கீக?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். எதிரே மலைச்சாமி, காதில் விழுந்திருந்தும், மீன் முள்ளை எடுப்பதிலேயே கவனமாக இருந்தார்.

ஊர் திரும்பியதும் நான் ஓர் அற்பக் காரியம் செய்தேன். வெள்ளத்தாயின் அண்ணன் சுயம்புலிங்கம், பட்டாளத்திலிருந்து வந்தவர், முன்கோபி. மலைச்சாமி கடையில் இல்லாத கம்பி வாங்க என் கடைக்கு வந்தவரிடம் கப்பல் கதையைச் சொன்னேன். இரண்டு கிளாஸ் கூட்டியே சொன்னேன். "சாயங்காலமே போய்க் கேக்கேன்" என்று குதித்தார். அன்று மாலை, விலை விசாரிக்கிற சாக்கில் மலைச்சாமி கடைக்கும் போனேன். அவர்கள் சிரிப்பு நிற்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

சுயம்புலிங்கம் வண்டியை நிறுத்தும்போதே கத்தினார். "ஏன் மாப்ளே, என் தங்கச்சிக்குச் சாராயம் ஊத்திக் குடுத்தீராமே? நாலு பேருக்கு முன்னாடி, மூணு கிளாஸு!"

கொத்தனார்கள் எழுந்து நின்றார்கள். மலைச்சாமி கல்லாவைப் பார்த்தார். "ஒங்கண்ணன் கேக்காரு பாரு. நீயே சொல்லு."

வெள்ளத்தாய் பேனாவை மூடினார். "ஒரு கிளாஸுண்ணே. அதையும் முழுசாக் குடிக்க முடியல. ஒரே புளிப்பு. இவுக வேணுமான்னு கேட்டாக, நான் குடிச்சேன். நீங்க மாசாமாசம் பட்டாளத்துக் கேண்டீன்ல பாட்டில் வாங்குறீகளே, மதினிக்கு ஒருநாளாவது வேணுமான்னு கேட்டிருக்கீகளா?"

வெள்ளத்தாய் கணக்கு நோட்டையும் மூடி வைத்தார்.

"அது கிடக்கட்டும். மூணு கிளாஸுன்னு யாரு சொன்னா?"

சுயம்புலிங்கம் திரும்பி என்னைப் பார்த்தார். வெள்ளத்தாயும் பார்த்தார். கொத்தனார்களும். நான் சிமெண்ட் மூட்டைகளில் அச்சிட்டிருந்ததைப் படிக்கத் தொடங்கினேன்.

மலைச்சாமி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து, தூசி படிந்த நாற்காலி ஒன்றைத் துடைத்து, என் பக்கம் நகர்த்தினார்.