மேற்குப் பக்கத்துப் பானை

தெய்வானை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கு நானே காரணம். வீட்டில் கஷ்டம், நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். அது பொய்.

எழுபதுகளின் நடுவில் கோவிந்தாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். ஐரோப்பிய அரசியலைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். ஆகவே வகுப்பையே பெர்லின் நகரமாக்கினேன். நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. வாசல் பக்கம் கிழக்கு, ஜன்னல் பக்கம் மேற்கு. பழைய காலண்டர் தாளில் பாஸ்போர்ட், அதில் கையெழுத்துப் போடப் பக்கத்துக்கு ஒரு காவலன், மீறினால் எதிர்ப்பக்கத்துக்கு மதிப்பெண். ஒரு வாரத்துக்கு அனுமதியில்லாமல் யாரும் தாண்டக் கூடாது... என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு மயக்கம்!

பெஞ்சுகளை நான் கலைக்கவில்லை. உட்கார்ந்திருந்தபடியே பிரித்தேன். ஜன்னலோரம் நிலம் வைத்திருக்கும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வாசலோரம், அவர்களுடைய காட்டில் கூலிக்கு வரும் காலனிக்காரர்களின் பிள்ளைகள். எனக்கு அது தெரியாதா? தெரியும். தண்ணீர்ப் பானையும் ஜன்னலோரம்தான் இருந்தது. மேற்கில் வளம், கிழக்கில் தட்டுப்பாடு. பாடத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டேன்.

அந்தப் பானையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டக்காரர் வீடுகளில் காலனிக்காரர்களுக்குக் கையேந்தித்தான் தண்ணீர், மேலிருந்து ஊற்றுவார்கள். என் வீட்டிலும் அதுதான் வழக்கம். பள்ளிக்கூடத்துப் பானையில் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே டம்ளரால் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பங்குனி வெயில். தெய்வானை காலையிலிருந்து பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். மேற்கின் காவலன் நடராஜன் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டே இருந்தான். அவன் அப்பாவின் தோட்டத்தில்தான் அவள் அம்மா வேலை செய்தாள். தாகம் பொறுக்காமல் அவள் கோட்டைத் தாண்டிப் போய் டம்ளரைப் பானைக்குள் விட்டாள். அவன் மர ஸ்கேலால் அவள் மணிக்கட்டில் அடித்தான். டம்ளர் விழுந்து உருண்டது.

"எங்கூட்டுல கையேந்தித்தானே குடிக்கறீங்க? இங்க மட்டும் என்ன மொள்றது?" என்றான்.

வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். அவன் பேசியது பெர்லினைப் பற்றி இல்லை என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. விளையாட்டை அங்கேயே நிறுத்தியிருக்கலாம்... நான் என்ன செய்தேன் தெரியுமா? விசிலை ஊதினேன். "எல்லை மீறல். காவலர் கடமையைச் செய்தார். மேற்குக்கு ஒரு மதிப்பெண்" என்றேன். ஜன்னலோரம் கைதட்டினார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன்? நடராஜனின் அப்பாவுக்குப் பயந்து என்றால் அது பாதி உண்மை. அவன் சொன்னது எனக்கும் தப்பாகப் படவில்லை. அதுதான் மீதி. இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது.

மறுநாள் முதல் அவள் வரவில்லை. வார முடிவில் பார்வையிட வந்த கல்வி அதிகாரி என் பாடமுறையை வெகுவாகப் பாராட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் கோட்டை அழித்தேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். கடலைக் காட்டில் அம்மாவோடு களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வந்துரு கண்ணு. கோடெல்லாம் அழிச்சாச்சு" என்றேன்.

களைக்கொத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "பானை எங்கீங்க சார் இருக்குது?"

நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பானை அதே ஜன்னலோரம்தான் இருந்தது. கோடு போன பிறகும் காலனிப் பிள்ளைகள் அதன் கிட்டே போகவில்லை. கையேந்தி நின்றார்கள், மற்றவர்கள் ஊற்றினார்கள். நான் கண்டும் காணாமல் பாடம் நடத்தினேன்.

இப்போதும் வீட்டில் யார் கையிலிருந்தாவது டம்ளர் நழுவி விழுந்தால், அவள் கேட்டது காதில் விழுகிறது. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம்... அது உங்கள் கையில் இல்லை. அந்தப் பானையைத் தூக்கி வாசலோரம் வைக்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பள்ளியில் இருந்தவரை ஒரு நாளும் நான் வைக்கவில்லை.