துரை வீட்டு மணற்குழிக்கு நான் எழுதிய பெயர்

பிளாஸ்டிக் புல்லை விரித்து, அதில் சின்னக் குழி வெட்டிக் கொடுத்தால் பணம் தருவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதன்முதலில் எனக்குச் சொன்னவர், மாத்தளை நகரில் தரைவிரிப்புக் கடை வைத்திருந்த ரவூஃப் நானா. அப்போது நான் தமிழாசிரியையாக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்தேன். என் தம்பி சிவநேசன் ஓய்வு பெற்ற அரசாங்கப் படவரைஞர். அவனுக்கு அளவு தெரியும், எனக்கு எழுத்துத் தெரியும், நானாவுக்குக் கொழும்பில் புல் கிடைக்கும் இடம் தெரியும். மூவரும் கூட்டுச் சேர்ந்தோம்.

வீட்டுப் பின்வளவில் கொல்ஃப் பந்தை உருட்டி விளையாடச் செயற்கைப் புல்தரை அமைப்பது வேறு நாட்டில் வெறும் தோட்டவேலையாக இருக்கலாம். யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கின் பருத்தித்துறை என்று பதிந்திருக்கும் ஒருவன் அந்நிய வளவில் மண்ணைத் தோண்டுவது அப்படியன்று. பிறர் வீட்டில் வேலைக்கு நின்று நெஞ்சு பதைத்தவர்களே, இந்தச் சிறு சம்பவங்கள் உங்களுக்காக.

கறுப்புச் சுருள்

எங்கள் முதல் வாடிக்கையாளர் யட்டவத்தையில் குடியிருந்த ஓய்வு பெற்ற தோட்டத் துரை. அவருக்கான புல் பன்னிரண்டடி நீளச் சுருளாக, கறுப்புப் பொலித்தீனில் சுற்றப்பட்டு, நானாவின் வான் வண்டிக் கூரையில் கட்டப்பட்டு வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அது எதைப் போல இருந்தது என்பதை நான் எழுத விரும்பவில்லை. சோதனைச்சாவடியில் அதை இறக்கி, நடுவீதியில் விரிக்கச் சொன்னார்கள்.

இருபுறமும் பஸ்கள் நின்றன. தம்பி இரு கைகளையும் உயர்த்தியபடி நின்றான். உயர்த்தும்படி யாரும் சொல்லவில்லை. ஒரு சிப்பாய் துப்பாக்கி முனையால் புல்லைக் கிளறினார். பிறகு சப்பாத்துடன் அதன்மீது ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். அவர் திரும்பி வந்து சிங்களத்தில் கேட்டார்: "அம்மே, இதை மாடு தின்னுமா?"

கொடி

துரை சிங்களவர். ஆனால் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் கற்ற தமிழைப் பேசுவார்; மரியாதை விகுதி அவருக்குத் தெரியாது. "டீச்சரம்மா, குழிக்குப் பக்கத்துல கொடி நடணும். செவப்புத் துணி, மஞ்சக் கரை. நல்லா தைச்சுக் கொண்டா!" என்றார். ஒருமையைச் சகித்துக்கொண்டு துணி வாங்கினேன்.

புலிக்கொடியின் நிறங்களான சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகக் கண்ட தம்பி முதலில் சன்னலைச் சாத்தினான். பிறகு துணியை மடித்து அரிசிப் பானைக்குள் ஒளித்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது: "அக்கா, வெள்ளையாத் தையுங்கோ. வெள்ளையெண்டா சரணடையிறதுக்காவது உதவும்."

வேலிக்கு அப்பால்

புல்லை விரிப்பதற்குமுன் ஆறங்குலம் மண்ணெடுத்து, சல்லிக்கல் பரப்பி, அதன்மேல் கல்தூள் கொட்டி, உருளையால் இறுக்க வேண்டும். இருபதடி நீளத்தில் மண்ணெடுத்தபோது பக்கத்து வீட்டுச் சோமாவதி வேலியருகே வந்து நின்றார். மறுநாளும் நின்றார். அந்நாட்களில் பொலிஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானது. ஆகவே நானே சென்று அவரை உள்ளே அழைத்து, பந்து உருளும் வழியையும் அது விழும் குழியையும் காட்டி, வகுப்பெடுப்பதுபோல் சிங்களத்தில் விளக்கினேன்.

அவர் கவனமாகக் கேட்டார். முகத்தில் சந்தேகம் தீரவில்லை. "டீச்சர், விழுத்துறதும் அவங்க, எடுக்கிறதும் அவங்களா? அப்ப எதுக்குக் குழி?"

சொல்

புல்தரையின் ஓரத்தில் மணல் நிரப்பிய பள்ளம் ஒன்றும் வேண்டுமென்று துரை பின்னர் கேட்டார். அந்த விளையாட்டில் அதற்குப் பெயர் 'பங்கர்' என்றார். தம்பி வரைந்த படத்தில் பெயர்களை எழுதுவது என் பொறுப்பு. பிறமொழிச் சொல்லை அப்படியே எழுதிய மாணவரை எழுந்து நிற்க வைத்தவள் நான். அகராதியைப் புரட்டினேன். 'பதுங்குகுழி – 1. ஆழம் 3 அடி' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். தம்பி இலக்கத்தை மட்டும் சரிபார்த்துக் கடதாசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

நாங்கள் சென்ற யட்டவத்தை பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது அந்தக் கடதாசி அகப்பட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவரை அழைத்தார்கள். அவர் வாசித்து, சிங்களத்தில் 'பங்கர்' என்று மொழிபெயர்த்தார். தம்பியை இறக்கினார்கள். நானும் இறங்கினேன். ஜீப்பில் என்னை ஏற்றவில்லை. ஏறுமுன் அவன் திரும்பிப் பார்த்தான். "அக்கா, மணற்குழி எண்டு எழுதியிருக்கலாமே."

செருப்பு

மூன்று நாட்கள் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ரவூஃப் நானா தம் செலவில் சட்டத்தரணி ஒருவரை வைத்தார். ஓரிடத்தில் பிடிபட்டவர் மற்றோரிடத்துக்குப் போய்ச் சேராமலே போன காலம் அது. தம்பியைப் பார்க்க விடவில்லை. உள்கதவருகே அவனுடைய செருப்பு இருந்தது. அது இருக்கும்வரை அவனும் இருக்கிறான் என்று நம்பினேன். மூன்றாம் நாள் காலை செருப்பைக் காணவில்லை. எழுந்து உள்கதவருகே போனேன்.

உண்மையில், செய்தியறிந்து துரை வந்திருந்ததால் தம்பியைப் பொறுப்பதிகாரியின் அறைக்கு அழைத்திருந்தார்கள். "இந்த ஆளிடம் பங்கர் வெட்டச் சொன்னது யார்?" என்ற அதிகாரியின் குரல் வெளியே கேட்டது. "நான்தான்! பங்கர் இல்லாமல் என்ன விளையாட்டு?" என்று துரை பெருமையோடு முழங்கினார். சட்டத்தரணி தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளையாகத் துரை தம் மட்டையையும் பந்தையும் கொண்டுவந்திருந்தார். மேசைக் கால்களுக்கு நடுவே பந்தை உருட்டி, மணற்பள்ளம் எதற்கென்று அரைமணி நேரம் விளக்கினார்.

தம்பி செருப்போடு வெளியே வந்தான். பின்னால் வந்த அந்தக் கான்ஸ்டபிள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "டீச்சர், நீங்க எழுதினதும் பிழையில்ல, நான் சிங்களத்துல சொன்னதும் பிழையில்ல. அதுதான் வம்பாப் போச்சு."

விடைத்தாளில் பிழையான சொல்லுக்கு அரைப் புள்ளி மட்டுமே குறைத்து வந்த நான், சரியான ஒரு சொல்லுக்காக நானா சட்டத்தரணிக்குக் கொடுத்த பணத்தை ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்து, பதினோராவது மாதத்தில் முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தேன்: பன்னீராயிரத்து முந்நூற்றைம்பது ரூபா.